தரை தட்டின படகு

இல்லம்மா, என்ஜினுக்கு ஒண்ணுமில்ல. பாசி சுத்திக்கிச்சு, அவ்வளவுதான். எந்திரிக்காதீங்க, உக்காருங்க, படகு சாயும். இந்த ஆத்துல இது தெனம் நடக்கறதுதான். கடல்தண்ணி உள்ள ஏறறப்ப பாசியெல்லாம் மேல போகும், வத்தறப்ப அத்தனையும் திரும்பி வந்து என்ஜின் விசிறியில சுத்திக்கும். எடுத்துடலாம். எடுத்துடலாம்னுதான் சொல்றேனே. அந்தப் பையை வேணா இப்படிக் குடுங்க, தார்ப்பாய்க்குள்ள வைக்கறேன், சாரல் படாது. வேணாமா? சரி. என்ன அதுல, துணியா?

ஓ. அவரோட கோட்டா.

சரி சரி. மடியிலயே இருக்கட்டும்.

மணியைப் பாக்காதீங்கம்மா. நீங்க பாத்தா அது மெதுவாவா ஓடப்போகுது? உச்சிக்குள்ள பெட்டிய மூடிடுவாங்கன்னு யார் சொன்னா உங்களுக்கு? கடையிலயா. ம். சரியாத்தான் சொல்லியிருக்காங்க. மூணாம் நாள், உச்சிக்கு முன்னாடி. மொத மணி அடிச்சா எல்லாரும் உள்ள கூடுவாங்க, ஜெபம் நடக்கும். ரெண்டாவது மணிக்குப் பெட்டி மூடுவாங்க. புருஷன் மொகத்தக் கடைசியா ஒரு தரம் பாக்கணும்னா யாருக்குத்தான் அவசரம் இருக்காது, எனக்குப் புரியாதா? அதோ தெரியுது பாருங்க செவப்புக் கூரை, அதான் ஓக்காரே மராயே. எங்க ஜனத்துக்கு நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கூடத்துலதான். அங்கதான் அவரை வச்சிருக்காங்க. கூப்பிட்டாக் கேக்கற தூரம். ரோடு மட்டும் மண்ணு சரியாம இருந்திருந்தா நீங்க எப்பவோ போயிருப்பீங்க, என்ன மாதிரி ஆளுகிட்ட வந்து மாட்டியிருக்க வேண்டியதே இல்ல.

அந்தப் படகா? ஆமா, வெளிவாய்க்கால் வழியாப் போகுது. பெரிய படகு அது, அலை தாங்கும். நம்மளது என் வயசுக்காரி. முட்டி வலி வந்த பொம்பளை மாதிரி ஓரமா, மெதுவாத்தான் போவா. அதான் உள்பக்கமாக் கொண்டாந்தேன். இந்தப் பக்கம் பாக்கறதுக்கும் நல்லாருக்கும்மா. அந்த மணல் மேட்டைப் பாருங்க, முகத்துவாரத்துக்கு அந்தாண்ட. காலையில சாம்பக் கலர்ல இருக்கும், வெயில் ஏற ஏற மஞ்சளாயிடும். எங்கெங்க இருந்தோ இதைப் படம் பிடிக்கன்னே வராங்க. போன மாசம் ஒருத்தர், நல்லாப் படிச்ச மனுஷன், தண்ணி வத்தினதும் என்னைப் பாத்து, திரும்ப எப்ப விடுவீங்கன்னு கேக்கறாரு. என்னமோ எங்க வீட்டுல குழாய் இருக்கற மாதிரி! நானும் விடலையே. சாப்பிட்டுட்டு வந்து திறந்துவிடறேன்னு சொன்னேன்.

மன்னிச்சுக்கங்க. சாவுக்குப் போறவங்ககிட்ட வேடிக்கை காட்டிட்டிருக்கேன். வாய் சும்மா இருந்தா மனசு என்னமோ பேச ஆரம்பிச்சுடுது, அதுக்கு வாயே தேவலைன்னு இருக்கு.

டீ ஊத்தவா? அந்தச் சுருட்டின துணியில ரொட்டி இருக்கு, எண்ணெயில பொரிச்சது. சாப்பிடுங்கம்மா, மொகமே வாடிக்கெடக்கு. கப்பல்ல எடம் கெடைக்காம ஒரு நாள் போச்சுன்னீங்க, பஸ்ஸுல ராத்திரி பூரா உக்காந்தே வந்தேன்னீங்க. வெறும் வயித்தோட சாவு வாசல்ல போய் நிக்கக் கூடாது. சூடு ஆறல பாருங்க, விடியறப்ப மராயே அடுப்புல போட்டது.

ஆமா, அங்கருந்துதான் வரேன். ஊரே மூணு நாளா அங்கதானே கெடக்கு.

பாத்தேம்மா.

நல்லாத்தான் இருக்காரு. தூங்கறாப்ல. மொகத்துல ஒரு வலி கிலி ஒண்ணும் இல்ல. பெட்டியச் சுத்தி இலையும் பூவும், பழைய போட்டோவெல்லாம் வரிசையா வச்சிருக்காங்க. அம்மாக்காரி பக்கத்துலயே உக்காந்திருக்கா, மூணு நாளா எந்திரிக்கல. உடுத்தியிருக்கறதா? நீலச் சட்டை. அப்படியா, அவர்கிட்ட நீலச் சட்டையே கெடையாதா? யாராவது குடுத்திருப்பாங்க. வெறும் ஒடம்போடயா வைக்க முடியும்.

அங்க பாருங்க, அங்க, அந்தக் கண்டல் மரத்துக்கு இந்தப் பக்கம். பறவைக் கூட்டம், நீள மூக்கு, காலு பூரா சேறு. அதுங்க கெளம்பற காலம் இது. இன்னும் கொஞ்ச நாள்ல ஒரு சாயங்காலம் அத்தனையும் ஒண்ணாக் கெளம்பும், பூமியோட அடுத்த மூலைக்கு. நடுவுல... ஆமா, அலாஸ்காவுக்குத்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்? நிக்கோரா சொன்னானா?

சொன்னாரான்னு கேட்டேன். வாய் தவறிடுச்சு. செத்தவங்களுக்கு மரியாதை குடுக்கணும்.

என்ன சொன்னாரு இந்த ஆத்தப் பத்தி? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரா. சேத்து வாசனையா! தெக்க போயி, அந்தக் குளுருல, சிப்பிப் படகுல வேலை பாத்துட்டு, வீட்டுக்கு வந்து சேத்து வாசனையப் பத்திப் பேசுவாரா? பைத்தியக்காரன். இங்க இருக்கறப்ப மூக்கப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன்தான். எல்லாப் பயலுகளும் அப்படித்தானேன்னு சொன்னேன்.

என்ன கேட்டீங்க? தெரியும்மா. நீங்க சொல்லணும்னே இல்ல, ஊருக்கே தெரியும். சொந்தக்காரங்க வேன் எடுத்துட்டுத் தெக்க வந்தாங்க. உங்க வீட்டுல உக்காந்து உங்க கையால டீ வாங்கிக் குடிச்சாங்க. நீங்க இந்தக் கோட்டை வாங்கச் சலவைக் கடைக்குப் போயிட்டு வரதுக்குள்ள வீடு காலி, பெட்டி காலி, ஒடம்பைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. திருட்டுத்தான். வேற என்ன பேரு வைக்கறது அதுக்கு. அந்த வேன்ல நான் இல்லம்மா. அதை மட்டும் நம்புங்க. அதுல நான் இல்ல. அதுல இல்லன்னா கை சுத்தம்னு ஆயிடுமான்னு நீங்க கேக்கலாம். கேக்கல. நீங்க கேக்கல, நானாத்தான் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கங்க. எங்க ஜனத்துல அது புதுசு இல்ல. செத்தவனுக்கு ரெண்டு பக்கம் ஆளு இருந்தா ரெண்டு பக்கமும் ஒடம்பை இழுக்கும். இழுக்கணும். சண்டை போட ஆளு வரலன்னா செத்தவனுக்குத்தான் அசிங்கம், ஒருத்தருக்கும் வேண்டாதவனாப் போயிட்டான்னு அர்த்தம். எங்க சித்தப்பாவுக்கு மூணு ஊரு வந்து அடிச்சுக்கிச்சு. அதை இன்னிக்கும் பெருமையாச் சொல்லுவோம். ஆனா எடுத்துட்டு வந்தா, எதிராளி பின்னாலயே வந்து கேக்கறதுக்கு வாசலைத் திறந்து வைக்கணும். அதான் மொறை. எடுத்துட்டும் வந்துட்டு வாசலையும் அடைச்சா, அது மொறை இல்ல. அது வந்து...

இன்னொரு ரொட்டி எடுத்துக்குங்க.

நீங்க அங்க போயிருந்தா என்ன நடக்குமா? போனா என்ன நடக்கும்னு கேளுங்க. வாசல்ல நிப்பீங்க. உள்ளருந்து ஒரு பொம்பளை குரல் குடுத்துக் கூப்பிடுவா. கூப்பிட்டே ஆகணும், நீங்க ஜென்ம விரோதியா இருந்தாலும் கூப்பிட்டே ஆகணும். தலைமாட்டுப் பக்கம் ஒரு பாய் போட்டு வச்சிருக்காங்க. உங்களோடது அது, பொண்டாட்டி பாய். மூணு நாளா அதுல யாரும் உக்காரல, அது காலியாக் கெடக்கறதத்தான் ஊரே பாத்துக்கிட்டிருக்கு. அப்புறம் உங்களுக்காக யாராவது ஒருத்தர் எந்திரிச்சுப் பேசணும். கூட்டிட்டுப் போறோம், குடுங்கன்னு கேக்கணும். கத்துவாங்க. திட்டுவாங்க. உங்க மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு பாட்டாவே பாடித் திட்டுவாங்க, பயப்படக் கூடாது. அழுதுக்கிட்டே திட்டுவாங்க.

குடுப்பாங்களான்னா, அது சொல்ல முடியாதும்மா. குடுத்தும் இருக்காங்க. பொண்டாட்டி வந்து, அவரு வாக்குக் குடுத்திருக்காருன்னு கண்ணீரும் கம்பலையுமா நின்னா, பெத்தவளுக்கு மறுக்க வாய் வராது. வந்து கேட்டாக் குடுத்துடுவோமோங்கற பயத்துலதான்... அந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கும்னு சொல்ல வந்தேன்.

என்ன வாக்கு? அவரு தெக்கயே இருக்கணும்னு சொன்னாரா? ஏன், அப்படி என்ன இருக்கு அங்க? மழையும் குளுரும்...

யாரு?

பொண்ணா?

நிக்கோராவுக்குப் பொண்ணு இருந்துச்சா?

இல்ல, தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாதும்மா. எத்தனை வயசு? நாலா. நாலு வயசுல போயிருச்சா. நேருல வந்துதான் அம்மாகிட்டச் சொல்லணும்னு வச்சிருந்தாரா? அவங்களுக்குள்ள பேச்சு இல்லதான், நீங்க வெளி ஜனம்னு அந்தக் கெழவி ஒத்துக்கலதான், போனை எடுத்தாலே வச்சுடுவா. இருந்தாலும்... பக்கத்துலயே தனக்கும் எடம் வச்சிருக்காரா? அந்தக் கொழந்தைக்குப் பக்கத்துலயே. தனியா விடமாட்டேன்னு சொன்னாரா?

பேரு என்ன வச்சீங்க?

மெரியானா.

தெரியும்மா. தெரியும், தெரியும். அது அவன் அம்மா பேரு.

ஒண்ணுமில்ல, கண்ணுல மணலு. காத்து அடிக்குது பாருங்க.

இல்லம்மா, அண்ணன்காரனப் பத்தி எனக்கு என்ன தெரியும்? இருக்கான் ஒருத்தன். பேசறதுக்கு அவன் எந்திரிப்பான்னு நிக்கோரா சொன்னாரா? எப்ப சொன்னாரு? கடைசியா ஆஸ்பத்திரியிலயா. எங்க ஆளுங்க எல்லாரும் கத்தினாலும் நீ பயப்படாத, எங்க அண்ணனத் தேடிப் போ, அவன் உன் பக்கம் நிப்பான்னு சொன்னாரா? அப்படியேவா சொன்னாரு? வேற ஏதும் சொல்லலியா? நல்லா யோசிச்சுப் பாருங்க, எங்க அண்ணன் நல்லவன்னுதான் சொன்னாரா?

தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சொல்லுவாங்க. அண்ணன் உடையான் எதுக்கு அஞ்சணும்னு யாரும் சொல்லி வைக்கல.

ம்? ஆமாம்மா, சாய்ஞ்சிருச்சு. தண்ணி போயிடுச்சு. சுத்திப் பாருங்க, மணல்தான். நாம தரை தட்டி ரொம்ப நேரம் ஆச்சு. நான் பேசிக்கிட்டே இருந்ததுல நீங்க கவனிக்கல. சாயங்காலம் தண்ணி ஏறினாத்தான் இது மெதக்கும்.

விசிறியப் பாக்காதீங்கம்மா.

பாத்துட்டீங்க. பாசி இல்ல. ஒரு நார் கூட இல்ல. நான்தான் நிறுத்தினேன். வேணும்னுதான் இந்தத் திட்டுக்குக் கொண்டாந்தேன். எந்த எடத்துல எப்ப தண்ணி வத்தும்னு கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன் நான், எனக்காத் தெரியாது? கடையிலருந்து போன் வந்துச்சு, தெக்கத்திப் பேச்சு, ர-வை உருட்டி உருட்டிப் பேசறா, கையில ஒரு பையோட ஒருத்தி வழி கேக்கறான்னு. அந்தக் கெழவி என்னைக் கூப்பிட்டா. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, அவ வந்து வாய் திறந்து கேட்டுட்டா என்னால மறுக்க முடியாதுடா, அவளத் தண்ணியிலயே வச்சிரு, மண்ணு மூடறவரைக்கும் வச்சிருன்னு. பெத்த வயிறு. நானும் சரின்னுட்டு வந்துட்டேன். சூடா ரொட்டி வேற எடுத்துக்கிட்டு வந்தேன், உங்களுக்குப் பசிக்குமேன்னு. என்ன ஜென்மம் பாருங்க.

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. அந்தத் தெக்கத்தி வார்த்தை எனக்குப் புரியல, இருந்தாலும் நல்ல வார்த்தை மாதிரிதான் இருக்கு. துடுப்பால அடிக்கணும்னாலும் அடிங்க, இங்க கேக்க ஆளில்ல. நான் அழுவறது நடிப்பில்லம்மா. வெக்கமா இருக்கு. ஊரு உலகத்துல எவனும் செய்யாத வேலையச் செஞ்சிருக்கேன். ஒருத்தன் சாவுல அவனுக்காகச் சண்டை போட வந்த ஒரே ஆளை நடு ஆத்துல உக்கார வச்சுட்டேன். அங்க அந்தக் கூடத்துல அவன் கேக்க நாதியில்லாதவனாப் படுத்திருக்கான். அந்த அசிங்கத்த நான் குடுத்தேன் அவனுக்கு, நான்.

இருங்க.

கேட்டுதா? மணி. இது மொத மணிதான். பதறாதீங்க, இன்னும் ஜெபம் இருக்கு, பாட்டு இருக்கு. எங்க ஆளுங்க பாட ஆரம்பிச்சா லேசுல நிறுத்தமாட்டாங்க.

செருப்பக் கழட்டுங்க. நடக்கலாம். நீங்க நடக்கவேண்டாம், இடுப்பளவு உள்ள போயிடுவீங்க, வழி தெரியாதவங்களுக்கு இது சேறு இல்ல, குழி. எனக்குத் தெரியும். அடியில சிப்பி ஓட்டு வரப்பு ஒண்ணு ஓடுது, கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். அதுல போனா நேரா மராயேவுக்குப் பின்பக்கம் ஏறலாம். என் முதுகுல ஏறுங்க. கூச்சப்படாதீங்கம்மா, சாவு அவசரத்துல கூச்சம் எதுக்கு? என்னை நம்பலன்னா நம்பாதீங்க, நம்பாமயே ஏறுங்க. ஆங். பையை மேல தூக்கிப் பிடிச்சுக்குங்க, தண்ணி தெறிச்சா கோட்டு வீணாப் போயிடும்.

அப்படித்தான். கழுத்த இறுக்காதீங்க, மூச்சு முட்டுது. வயசாயிடுச்சுல்ல.

பின்பக்கம் ஏறினாலும் சுத்திக்கிட்டுப் போய் வாசல்லதான் நிக்கணும். சேத்துக் காலோட நிக்கணும், பரவால்ல. குரல் வரும். வந்ததும் நேரா உங்க பாய்ல போய் உக்காருங்க, அங்க இங்க பாக்காதீங்க. கெழவி உங்களப் பாத்ததும் என்னைத்தான் மொதல்ல திட்டுவா. திட்டட்டும். பொண்ணு பேரச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி அதைச் சொல்லுங்க, மெரியானான்னு. அதுக்கு அப்புறம் அவ குடுப்பாளோ மாட்டாளோ, அது அவ பாடு. சொல்லாம மட்டும் விட்டுடாதீங்க.

யாரு பேசுவா உங்களுக்காகன்னா... பேசணும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருந்தவன் பேச்செல்லாம் எடுபடுமான்னு தெரியல. அந்தக் கெழவி மூஞ்சியப் பாத்து அவளுக்கு எதிரா இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அங்க போய் நின்னா வாய் வருதோ என்னமோ. பாப்போம்.

இது ஆழமான எடம், காலத் தூக்கிக்குங்க. ம். தாண்டியாச்சு.

எப்படி இந்தச் சேத்துல வழி தெரியுதாவா? சின்ன வயசுல தெனம் இப்படித்தாம்மா, ஒருத்தன முதுகுல ஏத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். மூக்கப் பிடிச்சுக்கிட்டே வருவான். இன்னொரு கையால என் காதப் பிடிச்சு இழுப்பான், வேகமாப் போ, வேகமாப் போன்னு. பேரா? என் பேரு எதுக்கும்மா இப்ப.

டாமிஹானா.

ஆமா. அவன் சொன்ன அதே டாமிஹானாதான். எறங்காதீங்க, இங்க எறங்க முடியாது. கழுத்த இறுக்கணும்னா இறுக்கிக்குங்க, சொல்லமாட்டேன். தலைமாட்டுல மூத்தவன் நின்னுதான் பெட்டி மூடணும், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் கெளம்பினேன் காலையில. அவன் மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு வரல.

அந்த நீலச் சட்டை என்னுது. அவன் என்னை விடப் பெருத்துட்டான், கழுத்துப் பட்டன் போட வரல. அப்படியே திறந்து கெடக்கு. பேரச் சொன்னதும் மொதல்ல இந்தக் கோட்டைப் போட்டுவிடுங்க.